நமது விளையாட்டு இதழுக்கு நிறம் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பெருமக்கள் வந்து இலக்கியம் பேசியிருக்கிறார்கள். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தர். எனக்கு அளிக்கப்பட்ட பொருளும் இலக்கியமன்று. நம் இளைஞர் பிரிவினர் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட எண்ணியிருக்கும் விளையாட்டு, உடற்பயிற்சி இதழுக்கு எந்த நிறம் பொருந்தும், எத்தகைய தோற்றம் பொருந்தும் என்பதே அப்பொருள்.

"இதற்கு ஓர் உரையும் வேண்டுமா? நீலமோ சிவப்போ ஒன்றை வைத்துவிட்டு அச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதானே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம். இந்த ஒரு பொருளுக்காக நாங்கள் நான்கு கூட்டம் கூடினோம் என்பதையும், அவற்றுள் ஒன்று பாதியில் கலைந்தது என்பதையும் அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். அக்கூட்டங்களில் நான் கற்றுக்கொண்டதை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

முதற்கூட்டத்திலேயே எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிவிட்டது. தாராவியில் நிறம் என்பது வெறும் நிறமன்று. ஒரு சந்துக்குள் நுழையும்போதே, மேலே பறக்கும் கொடியைக் கண்டு, இங்கிருப்போர் யாருக்கு வாக்களிப்பர், யாரை வணங்குவர் என்று சிறுவனும் சொல்லிவிடுவான். காவிக்கு ஒரு பொருள். பச்சைக்கு ஒரு பொருள். நீலத்துக்கு ஒரு பொருள். கருப்பும் சிவப்பும் சேர்ந்தால் அதற்கு வேறொரு பொருள். 1992, 93ஆம் ஆண்டுகளின் கலவர நாட்களில் இங்கே வாழ்ந்த பெரியோர்கள் இதை விளையாட்டாக எண்ணமாட்டார்கள். நம் இதழோ, சடுகுடு ஆடும் பிள்ளைகள் எல்லாருடைய வீட்டுக்கும் போக வேண்டியது. அட்டையைக் கண்ட மாத்திரத்தில் "இது அவர்களுடையது" என்று ஒரு வீட்டார் அதை ஒதுக்கிவிட்டால், உள்ளே எத்தனை நல்ல கட்டுரை இருந்தும் பயனில்லை.

அரசியலை விட்டுக் கிரிக்கெட்டுக்குப் போனாலாவது அமைதி கிடைக்குமா என்று பார்த்தோம். அங்கும் கிடைக்கவில்லை. 2008ஆம் ஆண்டில் ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கிய நாள்முதல் நம் வீடுகளில் ஒரு பிரிவினை ஏற்பட்டிருப்பதை நீங்களே அறிவீர்கள். அப்பா சென்னையின் மஞ்சள். பிள்ளை மும்பையின் நீலம். அந்த மாலை வேளைகளில் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே தட்டில் முறுக்கு உண்டு, இருவரும் எதிரெதிராகக் கூச்சலிடுகிறார்கள். இதழுக்கு மஞ்சள் என்றவுடன் இளைஞர் சிலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். கலைந்த கூட்டம் என்று நான் சொன்னது அதுதான்.

வீட்டுக்குத் திரும்பிய பின், உலகத்தில் புகழ்பெற்ற விளையாட்டுப் பத்திரிகைகள் தமக்குரிய நிறத்தை எப்படித் தேர்ந்தன என்று தேடிப் படித்தேன். அவற்றை அறிந்தபோது என் மனம் தெளிந்தது.

பிரான்சு நாட்டில் 'லெ வேலோ' என்றொரு விளையாட்டு நாளேடு பச்சைக் காகிதத்தில் வெளிவந்துகொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக 1900ஆம் ஆண்டு அக்டோபரில் மற்றொரு நாளேடு தோன்றியது. 'லோட்டோ' என்ற பெயரால் பின்னர் புகழ்பெற்றது அதுவே. பழைய ஏட்டிலிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டும் பொருட்டு அது மஞ்சள் காகிதத்தில் அச்சிடப்பட்டது. 1903இல் அந்த ஏடு, விற்பனையைப் பெருக்கிக்கொள்வதற்காக, நாட்டைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயம் ஒன்றைத் தொடங்கியது. அதுதான் இன்றளவும் நடந்துவரும் 'தூர் த பிரான்சு'. 1919இல், கூட்டத்தோடு கூட்டமாக ஓட்டிச் செல்லும் வீரர்களுள் முன்னணியில் இருப்பவர் யார் என்று மக்கள் அடையாளம் காணும் பொருட்டு, அவருக்கு மஞ்சள் சட்டை அணிவிக்கும் வழக்கம் ஏற்பட்டது. முதன்முதல் அதை அணிந்த யூஜின் கிறிஸ்தோப் என்பவரை வழியில் நின்றோர் மஞ்சள் குருவி என்று கேலி செய்தார்களாம். இன்றோ அந்தச் சட்டையை ஒருநாள் அணிவதற்காக வீரர்கள் உயிரைக் கொடுத்து மலையேறுகிறார்கள்.

இத்தாலியில் 1896இல் தோன்றிய 'கசெட்டா' என்னும் விளையாட்டு ஏடு, 1899 முதல் இளஞ்சிவப்புக் காகிதத்தில் வருகிறது. அந்த ஏடு 1909இல் தொடங்கிய மிதிவண்டிப் பந்தயத்தில், 1931 முதல் முன்னணி வீரருக்கு இளஞ்சிவப்புச் சட்டை அளிக்கப்படுகிறது. இளஞ்சிவப்பு ஆண்பிள்ளைக்கு ஆகாது என்று நம் இளைஞர் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். அந்தச் சட்டைக்காக ஆல்ப்ஸ் மலையில் மூச்சிரைக்க ஏறும் வீரர்களிடம் போய் அவர் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? அந்த ஏடுகள் பெருமை மிக்க நிறத்தைத் தேடி அலையவில்லை. கடையில் தொங்கும் பத்து ஏடுகளுக்கிடையே தம்முடையது தனித்துத் தெரிய வேண்டும் என்ற எளிய தேவையே நிறத்தைத் தந்தது. பெருமை பின்னால் வந்தது. அதை அளித்தது காகிதமன்று. ஆண்டுக்கணக்கில் அந்த ஏடுகள் செய்த பணியும், வீரர்கள் சிந்திய வியர்வையும். ஆகவே, "எந்த நிறம் பெருமை தரும்?" என்ற கேள்வியை விடுத்து, "எந்த நிறம் நன்றாகத் தெரியும்?" என்று கேட்பதே முறை என எனக்குத் தோன்றிற்று.

விளையாட்டுலகமே இந்தக் கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறது. டென்னிஸ் பந்து நெடுங்காலம் வெள்ளையாக இருந்தது. தொலைக்காட்சியில் அது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் 1972இல் மஞ்சள் பந்து புகுந்தது. பழமை போற்றும் விம்பிள்டனும் 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. ஐந்துநாள் கிரிக்கெட்டை இரவிலும் ஆட முற்பட்டபோது, சிவப்புப் பந்து விளக்கொளியில் மங்கியது. வெள்ளைப் பந்தோ ஆட்டக்காரர்களின் வெள்ளை உடையோடு கலந்துபோகும். ஆகவே 2015இல் அடிலெய்டில் இளஞ்சிவப்புப் பந்து வந்தது. 2019இல் நம் கல்கத்தாவிலும் அதைக் கண்டோம்.

கால்பந்தில் நடுவர் காட்டும் மஞ்சள், சிவப்பு அட்டைகளின் வரலாறு என் போன்ற ரயில்வேக்காரனுக்கு இன்னும் இனிப்பது. 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடிய ஆட்டத்தில், நடுவர் பேசும் மொழி ஆட்டக்காரருக்குப் புரியாமல் பெருங்குழப்பம் விளைந்தது. நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன் என்பவர், வீடு திரும்பும் வழியில் லண்டன் தெருவிளக்குச் சைகையில் நின்றார். மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில். இதற்கு மொழி எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்துவிட்டன. தமிழும் மராத்தியும் இந்தியும் உருதுவும் ஒரே குழாயடியில் வரிசையில் நிற்கும் ஊரில் வாழும் நமக்கு, மொழி கடந்த சைகையின் அருமையை எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

நிறம் தெரிய வேண்டும் என்றேன். யாருக்குத் தெரிய வேண்டும்? இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, என் இல்லத்தாரைத் தவிர வேறெவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு நம் இளைஞர்கள் கணினியில் ஒரு மாதிரி அட்டை செய்து, அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். பசும்புல் மைதானம், அதன் மேல் சிவப்பு எழுத்தில் இதழின் பெயர். கையில் வாங்கிய ஒவ்வொருவரும் "அடடா, கண்ணைப் பறிக்கிறது!" என்று பாராட்டினார்கள். அட்டை என் கைக்கு வந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மண்நிறத்தில் ஒரு வெளி தெரிந்தது, பெயர் தெரியவில்லை.

"தம்பி, தலைப்பை எங்கே போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். நான் வேடிக்கை செய்கிறேன் என்று எண்ணி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அட்டையைக் கீழே வைத்தேன். அப்போது, தண்ணீர் கொடுப்பதற்காக வந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், கேரம் ஆட்டத்தில் நம் சங்கத்துக்குக் கோப்பை வாங்கித் தந்தவன், என் காதருகே குனிந்து, "எனக்கும் தெரியல மாமா. சொன்னா சிரிப்பாங்க" என்றான்.

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. ஏனெனில் அந்தச் சிரிப்பை நான் அறிவேன். என் தந்தையார் ரயில்வே பணியில் இருக்கும்போதே காலமானார். குடும்பத்தைக் காக்கும் பொருட்டு எனக்கு வேலை தர முன்வந்தார்கள். வண்டியோட்டும் பிரிவில் சேர வேண்டும் என்பது என் கனவு. மருத்துவச் சோதனையில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார்கள். பக்கம் முழுதும் வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஓர் எண் மறைந்திருக்குமாம். முதற்பக்கத்தில் எண் தெரிந்தது. அதன் பின்னர் பக்கங்கள் புரண்டன. எனக்குப் புள்ளிகளே தெரிந்தன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் என் கண்ணுக்குக் குறையுண்டு என்பதை இருபத்தொரு வயதில், அந்த நாற்காலியில் அமர்ந்துதான் நான் அறிந்தேன். எழுத்தர் வேலை கிடைத்தது. வண்டியோட்டும் கனவு அந்தப் புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. 1875இல் சுவீடன் நாட்டில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு ரயில்கள் மோதி உயிர்ச்சேதம் நேர்ந்தது. பணியாளர் ஒருவருக்கு நிறம் பிரித்தறிய இயலாமை இருந்திருக்கக்கூடும் என்று ஹோம்கிரன் என்னும் அறிஞர் எடுத்துரைத்து, வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு சோதனை செய்யும் முறையைக் கொண்டுவந்தார். நான் கண்ட புள்ளிப் புத்தகம், 1917இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட முறையைச் சேர்ந்தது. ஆயிரம் பேர் உயிர் ஒரு கண்ணை நம்பியிருக்கையில், அந்தக் கண்ணைச் சோதிப்பது நியாயமே.

ஆனால் ஓர் இதழைப் படிப்பதற்கு அத்தகைய சோதனை எதற்கு? ஐரோப்பிய வழிவந்த ஆடவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இக்குறை இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள்; பெண்களிடம் இது மிகக் குறைவு. ஒவ்வொரு நாட்டிலும் அளவு வேறுபடும். ஆயினும் இந்த மண்டபத்திலும் என்னோடும் அந்தச் சிறுவனோடும் இன்னும் சிலர் இருக்கவே செய்வர். பலருக்கு அது தெரியாது, தெரிந்தவர் சொல்லமாட்டார். விளையாட்டுப் பிள்ளைகளுக்கான இதழில், பிள்ளைகள் சிலருக்கு மட்டும் தலைப்பு தெரியாமல் போகலாமா?

இதற்கு வழி என்ன என்று ரயில்வேயிடமே கேட்டேன். பழைய கைகாட்டி மரத்தை நம் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரவில் அது விளக்கின் நிறத்தால் பேசிற்று. பகலிலோ கையின் நிலையாலும் பேசிற்று. கை படுத்திருந்தால் நிற்க வேண்டும். நிலை மாறினால் போகலாம். நிறத்தோடு வடிவும் சேர்ந்து செய்தியைச் சொல்லிற்று.

நம் இளைஞர்கள் சடுகுடுவுக்குச் சிவப்பு, கிரிக்கெட்டுக்குப் பச்சை, சிலம்பத்துக்குக் காவி, கூடைப்பந்துக்கு ஆரஞ்சு என்று பகுதிக்கொரு நிறம் வகுத்திருந்தார்கள். அதற்குப் பதிலாகப் பகுதிக்கொரு சிறு வடிவத்தை வைக்கலாம் என்று சொன்னேன். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜப்பானிய எழுத்தறியாத வெளிநாட்டார்க்கு வழிகாட்டும் பொருட்டு, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் எளிய கோட்டுருவம் முறையாக வகுக்கப்பட்டது. ஓடும் உருவத்தைக் கண்டால் ஓட்டம். வளையத்தில் தொங்கும் உருவத்தைக் கண்டால் உடற்பயிற்சி. ஒரே நிறத்தில் அச்சிட்டாலும் அது பேசும். சிவாஜி பார்க்கில் கம்பத்தின் மேல் ஏறி உடலை வளைத்து நிற்கும் மல்லகம்ப வீரனின் உருவத்தை ஒரே கோட்டில் வரைந்தால், அதைப் பார்த்து எந்தப் பிள்ளை தயங்குவான்?

நிறமே இல்லாமலும் அழகு உண்டு என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கப் பலகைபோல் கருப்பு வெள்ளைக் கட்டங்களைத் தீட்டினார்கள். வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நின்ற குதிரைக்குத் 'தம்பி' என்று பெயரிட்டார்கள். பார்த்த மாத்திரத்தில் இன்ன விளையாட்டு, இன்ன ஊர் என்று உலகமே அறிந்துகொண்டது. விளையாட்டின் இயல்பிலிருந்தும் ஊரின் இயல்பிலிருந்தும் எழுந்த தோற்றம் அது.

இனிப் படங்களைப் பற்றிச் சொல்கிறேன். என் சிறு வயதில், எங்கள் பத்தடி அறையின் தகரச் சுவரில் 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழின் நடுப்பக்க வண்ணப் படங்களை ஒட்டி வைத்திருப்போம். சென்னையில் 'இந்து' குழுமத்தார் 1947 முதல் 1968 வரை 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' என்ற இதழையும், 1978இல் 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழையும் வெளியிட்டார்கள். தமிழில் டாக்டர் எஸ். நவராஜ் செல்லையா அவர்கள் 'விளையாட்டுக் களஞ்சியம்' என்ற பெயரில் இதழ் நடத்தித் தொண்டு செய்தார். பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கிய இதழிலிருந்து என் அண்ணன் கத்தரித்த படம் ஒன்று, மழை ஒழுகிச் சாயம் கலைந்த பின்னும் பல ஆண்டுகள் எங்கள் சுவரில் இருந்தது. ஒரு படம் ஒரு வீட்டில் எவ்வளவு காலம் வாழும் என்பதை அதனால் அறிந்தேன்.

நான்காவது கூட்டத்துக்கு நடுப்பக்கப் படமாக, நம் சடுகுடுப் பெண்கள் அணியின் தலைவியினுடைய படத்தைத் தயாரித்து வந்தார்கள். நல்ல படம். அந்தப் பெண்ணின் தாயார் அன்று மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அழைத்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு அண்ணாச்சி?" என்றார். உங்கள் மகள்தான் என்றோம். "எம் பிள்ள நல்லாத்தான இருக்கா. அவளுக்கு எதுக்கு வெள்ளையடிச்சிய?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணினியில் முகத்தை வெளுப்பாக்கியிருந்த இளைஞர் தலைகுனிந்தார். அவர்மீது தவறில்லை. 'படம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்' என்று அவர் கண்ணுக்கு யார் யாரோ கற்பித்து வைத்திருக்கிறார்கள்.

யார் கற்பித்தது? உடற்பயிற்சி இதழ்களின் மூலவர்களுள் ஒருவர் யூஜின் சாண்டோ. 1898இல் லண்டனில் உடற்பயிற்சிக்கென்றே இதழ் தொடங்கியவர். 1904, 05ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டியவர். நாம் அணியும் 'சாண்டோ பனிய'னில் இன்றும் அவர் பெயர் வாழ்கிறது. பழங்காலக் கிரேக்கச் சலவைக்கல் சிலைபோல் தோன்ற வேண்டும் என்று, அவர் உடல் முழுதும் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு மேடையில் நிற்பார். அந்தப் பொடி இன்னும் உதிரவில்லை. புகைப்படச் சுருளிலும் இதே கதைதான். வண்ணப்படங்களின் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படத்தையே நெடுங்காலம் அளவுகோலாக வைத்திருந்தார்கள். கருநிற மக்களின் முகம் சரியாக விழவில்லை என்ற குரலைவிட, சாக்லேட்டும் மரச்சாமானும் விற்போர், தம் சரக்கின் நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்டதே அதைத் திருத்தத் தூண்டியது என்பர்.

நம் பிள்ளைகள் சலவைக்கல் சிலைகள் அல்லர். வெயிலில் ஆடிக் கறுத்தவர்கள். கறுத்த முகத்தை மட்டமான காகிதத்தில் அச்சிட்டால் மை பரவி, கண்ணும் மூக்கும் கரியாய்ப் போகும் என்பது உண்மையே. அதற்கு மருந்து வெளுப்பாக்குவது அன்று. காலை ஏழு மணி வெயிலில், வானத்துக்கு எதிரே நிறுத்தாமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுக்க வேண்டும். வெண்சுவரை விடுத்து நடுத்தரமான பின்னணியில் நிறுத்த வேண்டும். அச்சகத்தாரிடம் மை குறைத்து மாதிரி கேட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உழைப்பு கூடுதல்தான். தாயாருக்குத் தன் மகளை அடையாளம் தெரிய வேண்டுமானால் அந்த உழைப்பைச் செய்தே ஆகவேண்டும்.

கடைசியாக எழுத்து. இதைச் சொல்லத்தான் உண்மையில் நான் மேடையேறினேன். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தை, கடைப் பலகையைக் கண்டால் ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படிப்பவர்களே மிகுதி. படிக்கவே தெரியாதவர்களும் உண்டு. அவர்களைத் தமிழ்ப் பக்கத்தின் முன் உட்கார வைக்க, திருக்குறள் வகுப்பால் ஆகாதது சடுகுடுச் செய்தியால் ஆகலாம். தன் அணி வென்றதா, தன் பெயர் வந்திருக்கிறதா என்று அறியும் ஆவலில் அவன் எழுத்துக் கூட்டுவான்.

அப்படிக் கூட்டுகிறவனுக்கு நாம் என்ன செய்கிறோம்? கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைப் பொடியாக அச்சிடுகிறோம். நம் எழுத்துகள் சுழிகள் நிறைந்தவை. 'ண'கரத்துக்கும் 'ன'கரத்துக்கும் வேற்றுமை ஒரு சுழிதான். மை பரவிச் சுழி அடைபட்டால், பழகிய கண் ஊகித்துப் படித்துவிடும். எழுத்துக் கூட்டும் பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். இதழை மூடிவிட்டுக் கைப்பேசியை எடுப்பான். நம் வீடுகளோ ஒற்றைக் குழல்விளக்கு வீடுகள். பளபளப்பான காகிதத்தில் அந்த விளக்கின் ஒளி பட்டுத் தெறித்தால், பாதிப் பக்கம் கண்ணுக்கே தெரியாது.

ஆகவே, அன்பர்களே, எங்கள் குழு கூடி முடிவு செய்தவற்றை உங்கள் இசைவுக்காக வைக்கிறேன்.

உட்பக்கங்கள் பளபளப்பில்லாத மேப்லித்தோ காகிதத்தில், கருப்பு மையில், பெரிய எழுத்தில் வரும். எழுத்துக்கு அடியில் படமோ அடர்ந்த நிறமோ வராது. பகுதிகளை நிறத்தால் அல்லாமல் கோட்டுருவத்தால் பிரிப்போம். நடுப்பக்கம் ஒன்றே நான்கு வண்ணம். அதில் வெளியூர் வீரர் படம் வராது. ஒவ்வோர் இதழிலும் நம் பகுதிப் பிள்ளை ஒருவர், உள்ள நிறத்தோடு, சுவரில் ஒட்டத்தக்க அளவில் வருவார். நான்கு வண்ணத்துக்கு நான்கு தகடும், இரு வண்ணத்துக்கு இரு தகடும் வேண்டும் என்பதால், அட்டையை இரு வண்ணத்தோடு நிறுத்துவது பொருளாளருக்கும் மகிழ்ச்சி அளிக்கும்.

அந்த அட்டையின் நிறம் எது? மஞ்சள் பின்னணி, கருப்பு எழுத்து. இளைஞர்களே, மறுபடியும் நாற்காலியைத் தள்ளாதீர்கள்! இது 2008இல் பிறந்த மஞ்சளன்று. நம் பாட்டிமார் அம்மியில் அரைத்த மஞ்சள்; நாம் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் தடவும் மஞ்சள். அதைவிடவும் எனக்கு நெருங்கிய காரணம் ஒன்றுண்டு. நம் நாட்டு ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகையை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் பலகை, கருப்பு எழுத்து. ஓடும் வண்டியிலிருந்தும், மழையிலும், மங்கிய விளக்கிலும் படிக்கத்தக்கதாக அமைந்தது அது. நம் பெரியோர்கள் திருநெல்வேலிச் சீமையை விட்டுக் கிளம்பிய அன்று கடைசியாகப் படித்தது அப்படி ஒரு பலகையை. இந்த ஊரில் இறங்கியபோது முதலில் கண்டதும் அப்படி ஒரு பலகையை. என் கண்ணுக்கும், தண்ணீர் கொடுத்த அந்தச் சிறுவன் கண்ணுக்கும் அது நன்றாகத் தெரிகிறது. சோதித்துப் பார்த்துவிட்டோம்.

முற்றிலும் உரிமையாளர் இல்லாத நிறம் உலகில் ஒன்றுமில்லை. நாளை யாரேனும் இந்த மஞ்சளுக்கும் ஒரு கொடியைத் தைக்கலாம். தைக்கட்டும். நம் இதழ் தன் பணியைத் தவறாமல் செய்துவந்தால், இந்தப் பகுதியில் மஞ்சள் அட்டையைக் கண்டவுடன், "நம் பிள்ளைகள் படம் வந்திருக்கிறதா, காட்டு" என்று கேட்கும் காலம் வரும். நிறத்துக்கு நாம் தேடித் தரக்கூடிய பெருமை அதுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை நிறங்களை மாற்றிச் சொன்னால் சிரிக்காதீர்கள். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நான் இருபத்தொரு வயதில் அறிந்ததை அவன் பத்து வயதிலேயே அறிந்தால், தனக்கேற்ற வேலையைக் கனவு காண்பான்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் செய்த மாதிரி அட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் தலைப்பு இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். அடுத்த அட்டையில் அதை நானே படித்துவிடுவேன் என்ற மகிழ்ச்சியோடு அமர்கிறேன்.